சோபாவைக் கீறும் பூனையும் சில கேள்விகளும்

அக்கா, புது சோபாவின் கைப்பிடி நூல் நூலாகத் தொங்குகிறது. நாலு அடி போட்டும் பூனை திருந்தவில்லை. (தாம்பரம்)

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். ‘கீறினேன், அதனால் அடி’ என்று அதற்குக் கணக்குப் போடத் தெரியாது. ‘இவர் வந்தால் வலிக்கும்’ என்பதுதான் மனதில் பதியும். அப்புறம் நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கீறும்.

நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், உடம்பை நீட்டி முறிக்கவும், பாதத்தின் வாடையை அங்கே பதிக்கவும்தான் பூனை கீறுகிறது. அதை நிறுத்த முடியாது, இடத்தை மாற்றலாம். கனமான மரக்கட்டையில் தேங்காய் நார்க்கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றுங்கள். பின்னங்காலில் நின்று முழுசாக நீட்டிக்கொள்ள 3 அடி உயரமாவது வேண்டும். துளியும் ஆடக் கூடாது. நான் கடையில் வாங்கிய ஒன்றரை அடிக் கம்பம் முதல் நாளே பூனை மேல் சாய்ந்தது, அதோடு அது அந்தப் பக்கமே போகவில்லை. கட்டையை மூலையில் ஒளிக்காமல், கிழிந்த கைப்பிடிக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். அதில் கீறிய அந்த நொடியே உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு தினம் கொஞ்சமாக நகர்த்தலாம்.

பூனையை மயக்கும் கேட்னிப் செடி விலை அதிகம். நம் ஊரில் மாற்று உண்டா? (திருச்சி)

வேலியோரம் முளைக்கும் குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, வேரை லேசாக நசுக்கிப் போடுங்கள். அதற்குப் பூனைவணங்கி என்ற பெயர் சும்மா வரவில்லை! எல்லாப் பூனையும் மயங்காது. மயங்குவது தலையைத் தேய்த்துப் புரளும். முகர்ந்து விளையாடட்டும், தின்ன விடாதீர்கள். 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

விடியற்காலை 4 மணிக்குக் கால் விரலைக் கடித்து எழுப்புகிறது. (கோவை)

அந்தியும் விடியலும்தான் அதற்கு வேட்டை நேரம். அந்த வேட்டையை ராத்திரியே முடித்து வையுங்கள். படுக்கும் முன் குச்சியில் நூலால் இறகு கட்டி 10 நிமிடம் ஓட விடுங்கள். இறகை முகத்துக்கு நேரே ஆட்டாமல், எலி மாதிரி கதவிடுக்கில் பாதி மறைத்து இழுங்கள். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பதுங்கும் பாருங்கள், அதுதான் ஆட்டம். கடைசியில் பிடிக்க விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். தின்றதும் நக்கிக்கொண்டு தூங்கிவிடும். லேசர் விளக்கில் பிடிக்க எதுவும் இல்லை, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆடி முடித்ததும் நூலை அலமாரியில் பூட்டுங்கள். விழுங்கினால் குடலையே சுருட்டிவிடும்.

கூப்பிட்டால் வரப் பழக்க முடியுமா? (மதுரை)

முடியும். தீனி வைக்கும் முன் டப்பாவை ஒரே மாதிரி இரண்டு தட்டுத் தட்டுங்கள், சில வாரத்தில் ஓடி வரும். அதே சத்தத்தில் கூப்பிட்டு மருந்து மட்டும் ஊட்டிவிடாதீர்கள்.

ஆண் பூனை, மண் தட்டில் போகப் பழக்கியிருந்தோம். நேற்றிலிருந்து குளியலறையில் உட்கார்ந்து முக்குகிறான், துளிகூட வரவில்லை. மறுபடி எப்படிப் பழக்குவது? (சேலம்)

தம்பி, இது பழக்கக் கோளாறு இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். இப்போதே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.