நீலக்கல்லை அரைக்குமுன்: கேள்வி பதில்

கேள்வி: ஓவிய வண்ணத்துக்காக லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை மாவாக அரைத்தேன். சாம்பல் பொடிதான் மிஞ்சியது. நீலம் எங்கே போயிற்று?

பதில்: உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கல் ஒரே கனிமம் அன்று. நீலம் தருவது லசுரைட். கூடவே வெள்ளைக் கால்சைட்டும் பொன்னாக மின்னும் பைரைட்டும் இருக்கும். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் கல்லுக்கும் இதே கதைதான். அரைத்தால் மூன்றும் கலந்து வெளிறிவிடும், பிரித்தெடுக்க வேண்டும்.

பைன் பிசின், மாஸ்டிக் பிசின், தேன்மெழுகு மூன்றையும் உருக்கி வடிகட்டுங்கள். பொடியைச் சேர்த்துப் பிசைந்து உருண்டையாக்கி, சில நாள் ஊறவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான மரச்சாம்பல் காரநீரில் வைத்து இரண்டு குச்சிகளால் அமுக்கி அமுக்கிப் பிசையுங்கள். லசுரைட் நீரில் இறங்கும். மற்றவை பெரும்பாலும் மெழுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும். முதல் நீரில் வருவதுதான் ஊதா கலந்த ஆழ்ந்த நீலம். போகப்போக வெளிறி, கடைசியில் நீலச் சாயலோடு சாம்பல் வரும். அதைக் கொட்டாதீர்கள். முகத்தின் நிழலுக்கு அதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குக் கிடைத்ததில்லை. காரநீர் கையைப் புண்ணாக்கும், கையுறை கட்டாயம்.

கேள்வி: அசுரைட் என்ற இன்னொரு நீலக் கனிமத்துக்கும் மெழுகு வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீரில் கழுவி, படியவிட்டு, துகள் அளவுவாரியாகப் பிரித்தால் போதும். அதிகம் அரைக்காதீர்கள். பரல் பெரிதாக இருந்தால்தான் நிறம் ஆழமாக இருக்கும். செம்புக் கனிமம் அது. முகக்கவசம் இல்லாமல் அரைக்கவே கூடாது.

கேள்வி: அவுரி நீலம்?

பதில்: செடியிலிருந்து வருவது. இங்கே கனிமம் மட்டும்.

கேள்வி: அசுரைட்டை இன்னும் நைசாக அரைத்தால் நிறம் கூடுமா?

பதில்: குறையும். முந்தைய பதிலைப் படியுங்கள். முகக்கவசத்தையும் மறக்காதீர்கள்.

கேள்வி: லாபிஸ் நீலத்துக்கு அல்ட்ராமரைன் என்று பெயர். 1828இலேயே அதைச் செயற்கையாகச் செய்ததற்காகப் பிரெஞ்சு வேதியியலாளர் கிமே 6000 பிராங்க் பரிசு வாங்கிவிட்டார். இன்னும் கல்லை அரைப்பது வீண்வேலை இல்லையா?

பதில்: இல்லை. நிறம் தரும் கந்தக அயனி இரண்டிலும் ஒன்றே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலைப்பொடி ஒரே சீரான நுண்துகள். கல்பொடியின் துகள்கள் பெரிதும் சிறிதுமாக, கோணல்மாணலாக இருக்கும். இடையில் கொஞ்சம் கால்சைட்டும் தங்கும். பூசிய பரப்பு ஒளியை வேறுவிதமாகத் திருப்புகிறது.

கேள்வி: அப்படியானால் அழுக்குதான் அழகா? எதற்கு மெழுகில் போட்டுப் பிரிக்கச் சொன்னீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. எல்லாம் இருந்தால் சாம்பல். சிறிது தங்கினால் நீலத்துக்குள் ஒளி. எவ்வளவு தங்கலாம் என்பதைப் பிசைகிற கை முடிவு செய்கிறது. ஆலையில் அந்த இடம் இல்லை. இரண்டையும் ஒரே எண்ணெயில் குழைத்து, பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பாருங்கள்.

கேள்வி: மெழுகுக்குப் பதில் வினிகர் ஊற்றினால் கால்சைட் கரைந்துவிடுமே?

பதில்: ஊற்றாதீர்கள்! கால்சைட்டோடு நீலமும் கெடலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால், லசுரைட் சிதைகிறது என்று பொருள். அந்த வாயு நச்சு. உடனே காற்றோட்டத்துக்கு வாருங்கள்.