ஒலியை விஞ்சும் சுழலிகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஜெட் என்ஜினுக்குள் காற்று ஒலியைவிடக் குறைந்த வேகத்தில்தான் நுழைகிறது என்கிறார்கள். அப்படியிருக்க, காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் சுழலியில், ஒலியை விஞ்சிய ஓட்டத்துக்கே உரிய அதிர்வலை தோன்றுவது எப்படி?

பதில்: வெளியே நின்று அளப்பவருக்குத்தான் அந்தக் காற்று ஒலியைவிட மெதுவாக வருகிறது, சுழலும் தகட்டோடு சேர்ந்து சுற்றி அளந்தால், அதே காற்று சாய்வாகவும் மிகுந்த வேகத்துடனும் வந்து மோதுகிறது. நாசாவின் லூயிஸ் ஆய்வு மையத்தில் 1970களில் உருவான 'ரோட்டர் 37' என்ற சோதனைச் சுழலியை எடுத்துக்கொள்வோம். அதில் 36 தகடுகள். அது வினாடிக்கு 1,800 ரேடியன், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 17,190 சுற்று வேகத்தில் சுழல்கிறது. தகட்டின் நுனி அச்சிலிருந்து 25 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தொலைவில் இருப்பதால், நுனியின் வேகம் வினாடிக்கு 454 மீட்டர் ஆகிறது. அச்சுத் திசையில் காற்று ஒலியின் ஏறத்தாழப் பாதி வேகத்தில் வருகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இவ்விரண்டையும் பித்தகோரஸ் முறையில் சேர்த்தால், தகட்டின் நுனி உணரும் மாக் எண் (ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.48 என்று கிடைக்கும்; தகட்டின் அடியில்கூட அது 1.13.

அந்தக் காற்று தகடுகளுக்கு இடையே செல்லும்போது, தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லிய ஓர் அதிர்வலைக்குள் திடீரென வேகம் இழக்கிறது. அதை ஓட்டத்துக்கு நேர்குத்தான அதிர்வலை என்று வைத்துக்கொண்டால், மாக் 1.48-இல் நிலையழுத்தம் (காற்றோடு சேர்ந்து நகர்ந்து அளந்தால் தெரியும் அழுத்தம்) சுமார் 2.4 மடங்காக உயர்கிறது. மொத்த அழுத்தத்தில் (காற்றை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தத்தில்) இழப்பு 6 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. அழுத்தத்தை உயர்த்துவதே கம்ப்ரசரின் வேலை என்பதால், இந்த அளவில் அதிர்வலையைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. மாக் 2-இல் இதே இழப்பு 28 சதவீதமாகிவிடும். வடிவமைப்பாளர்கள் அங்கே போகத் தயங்குவது அதனால்தான்.

கேள்வி: இந்த ஓட்டத்தைக் கணக்கிடுவது நெடுங்காலம் ஏன் இவ்வளவு கடினமாக இருந்தது?

பதில்: ஒலிக்குக் குறைந்த வேகத்தில் ஓரிடத்துச் சலனம் எல்லாத் திசைக்கும் பரவும், ஆகவே ஒவ்வொரு புள்ளியும் மற்ற எல்லாப் புள்ளிகளையும் சார்ந்திருக்கும். ஒலியை விஞ்சிய வேகத்திலோ, செய்தி கூம்பு வடிவில் கீழோட்டத்துக்கு மட்டுமே போகும். நிலையான ஓட்டத்தின் சமன்பாடு முதல் பகுதியில் நீள்வட்ட வகையாகவும் இரண்டாவதில் அதிபரவளைய வகையாகவும் மாறுவதால், ஒன்றுக்கு ஏற்ற தீர்வுமுறை மற்றொன்றில் தோற்றுப்போகும். அந்த இரு பகுதிகளின் எல்லை எங்கே விழும் என்பதே விடையின் ஒரு பகுதி என்பதால், முன்கூட்டியே பிரித்துவைக்கவும் வழியில்லை.

முப்பரிமாண ஓட்டத்தை இருவகை ஓட்டப் பரப்புகளாகப் பிரித்து, மாறி மாறித் தீர்க்கும் கோட்பாட்டை வூ சுங்-ஹுவா 1952-இல் வகுத்தார். பல தலைமுறை வடிவமைப்பாளர்களுக்கு அது அடித்தளமாக இருந்தபோதும், வகைமாற்றச் சிக்கல் அப்படியே நின்றது. மர்மனும் கோலும் 1971-இல், ஒவ்வொரு புள்ளியிலும் வேகத்தைச் சோதித்து அதற்கேற்ப வேறுபாட்டுச் சூத்திரத்தை மாற்றும் வழியைக் காட்டினர். அது மெல்லிய இறக்கைக்குரிய எளிமையாக்கிய சமன்பாட்டுக்கானது.

சுழலிகளுக்குக் கைகொடுத்தது வேறொரு வழி. நிலையான ஓட்டமே வேண்டும் என்றாலும், காலத்தோடு மாறும் சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, மாற்றம் அடங்கும் வரை காலத்தில் முன்னேறிச் செல்வது அந்த வழி. காலம் சேர்ந்ததும் சமன்பாடு இரு பகுதிகளிலும் ஒரே வகையாகிவிடுகிறது என்பதை நான் முதன்முறை புரிந்துகொண்ட நாளின் மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. மழுங்கிய மூக்குடைய பொருளைச் சுற்றிய மீயொலி ஓட்டத்துக்கு மொரெட்டியும் ஆபெட்டும் 1966-இல் இதைக் கையாண்டனர். தகடுகளுக்கு இடையிலான ஓட்டத்துக்கு ஜான் டென்டனின் முறை 1975-இல் வெளிவந்தது.

இதற்கு விலையும் உண்டு. கணக்கிட, இடத்தைச் சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு படிகளாகவும் பிரிக்கிறோம். முந்தைய படியின் மதிப்புகளிலிருந்தே அடுத்ததை நேரடியாகக் கணிக்கும் 'வெளிப்படையான' கால முன்னேற்றத்தில், ஒரு காலப்படிக்குள் ஒலியலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. தகட்டை ஒட்டிய கட்டம் 0.01 மில்லிமீட்டர் என்றால், ஒலி அதைக் கடக்க வினாடியில் சுமார் 3.4 கோடியில் ஒரு பங்கு நேரமே எடுக்கும். ரோட்டர் 37 ஒருமுறை சுற்ற 3.5 மில்லிவினாடி ஆவதால், ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 1.2 லட்சம் படிகள் வேண்டும். நமக்கு வேண்டியது இறுதி நிலை மட்டும் என்பதால், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்குத் தாங்கும் தனிக் காலப்படியைக் கொடுத்து இதைச் சுருக்குகிறார்கள். இடைப்பட்ட நிலைகள் அப்போது பொருளற்றவை, முடிவு மட்டுமே செல்லுபடியாகும்.

கேள்வி: 36 தகடுகளையும் கணக்கிட வேண்டுமா?

பதில்: உள்ளே வரும் காற்று சுற்றிலும் சீராக இருந்தால் இரு தகடுகளுக்கு இடையிலான ஓர் இடைவழி போதும், அதன் இரு பக்கங்களிலும் ஒரே மதிப்புகள் என்று நிபந்தனை இட்டு, சுழலும் சட்டகத்தில் மையவிலக்கு, கோரியாலிஸ் விசைகளைச் சேர்த்துக் கணக்கிடலாம்.

கேள்வி: நான் இறுதியாண்டு மாணவி. ரோட்டர் 37-இல் சுழலிக்குப் பின்னே, அடிப்பகுதியில் அளக்கப்பட்ட மொத்த அழுத்தத் தாழ்வு என் கணிப்பில் வரவில்லை. கொந்தளிப்பு மாதிரிகளை (காற்றின் சிறு சுழிப்புகளைத் தோராயமாகக் கணக்கில் சேர்க்கும் சமன்பாடுகளை) மாற்றிப் பார்த்து, பொருந்துவதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அளவீடுகளை மறைத்துவைத்து 1994-இல் இதே சுழலியைக் கணக்கிடச் சொன்னபோது 11 விடைகள் வந்தன. சுழலி தனியாகச் சோதிக்கப்பட்டதால் இதைவிட எளிய முப்பரிமாணச் சோதனை கிடைக்காது. ஆனாலும் விடைகள் அளவீட்டோடு மட்டுமன்றித் தங்களுக்குள்ளும் முரண்பட்டன. அதிர்வலை தகட்டின் எல்லைப்படலத்தை, அதாவது பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய காற்றடுக்கை, தடிக்கச் செய்கிறது. அது காற்று வெளியேறும் கோணத்தை மாற்றுகிறது. அந்தக் கோணமே அழுத்த விகிதத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே, படலத்தில் செய்யும் சிறு பிழை விடை முழுவதிலும் தெரியும்.

நீங்கள் சொல்லும் தாழ்வுக்கு, சுழலிக்கு முன்னே, அடித்தளத்தின் (காற்றுவழியின் உட்சுவரின்) நிலையான பகுதியும் சுழலும் பகுதியும் சந்திக்கும் மெல்லிய பிளவே காரணம் என்று 1997-இல் நாசாவைச் சார்ந்த ஒரு குழு காட்டியது. மொத்த ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கசிவே அத்தகைய தாழ்வை உண்டாக்கப் போதுமாக இருந்தது. தகடும் அடித்தளமும் சேரும் மூலையில் ஓட்டம் பிரிவதே காரணம் என்போரும் உண்டு. பிளவு உங்கள் வடிவமைப்பிலேயே இல்லையென்றால், எந்தக் கொந்தளிப்பு மாதிரியும் அதை நேர்மையாகக் கொண்டுவர முடியாது. தற்செயலாகப் பொருந்தினால் அது இன்னும் ஆபத்து.

முதலில் உங்கள் நெரிசல் ஓட்டத்தை (சுழலி வழியே செல்லக்கூடிய அதிகபட்சக் காற்றளவை), அளக்கப்பட்ட வினாடிக்கு 20.93 கிலோகிராமோடு ஒப்பிடுங்கள். தகட்டு நுனிக்கும் வெளிச்சுவருக்கும் உள்ள இடைவெளி 0.356 மில்லிமீட்டர்தான், அதற்குள் எத்தனை கட்டங்கள் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். பிறகு பிளவு இல்லாமலும், பிளவில் சிறு கசிவைச் சேர்த்தும் இருமுறை கணக்கிட்டு, இரண்டு வளைகோடுகளையும் ஒரே படத்தில் அறிக்கையில் கொடுங்கள்.