மலேசியாவில் அரசாங்க வேலைக்கு ஆளெடுப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் டவுனில் இருக்கும் நான் காத்திருக்கலாமா? கவுன்சில் (ஊராட்சி மன்றம்) நடத்தும் வேலைச் சந்தைகளால், அதாவது ஜாப் ஃபேர்களால், ஏதும் பயன் உண்டா?

என் அப்பா கவுன்சில் குப்பை லோரியில் 26 வருஷம் வேலை பார்த்தவர். அதற்கு முன் கெடாவில், கூலிம் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பால்மரம் (ரப்பர்) வெட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்த அன்று எஸ்டேட் லயத்து வீட்டில் கோழி அடித்துச் சாப்பாடு போட்டோம் என்று அம்மா இன்னும் சொல்வார். குப்பை அள்ளப் போவதற்கா விருந்து என்று நினைக்காதீர்கள். மழை பெய்தாலும் சம்பளம், காய்ச்சல் வந்தால் லீவு, கடைசியில் பென்ஷன். எங்கள் வீடுகளில் "கவர்மெண்டு வேலை" என்றாலே கண்ணில் வருவது அதுதான். "பொறுத்திரு, எடுப்பார்கள்" என்று உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனதிலும் அதுதான் இருக்கும்.

ஆனால் தம்பி, அப்பா பார்த்த அந்த வேலை இப்போது கவுன்சிலிடம் இல்லை. திடக்கழிவு, பொதுத் தூய்மைச் சட்டம் 2007இல் வந்து, 2011 செப்டம்பர் 1 முதல் கெடா, பெர்லிஸ், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், பகாங் மாநிலங்களில் அமலானது. குப்பை அள்ளுவது, தெருக் கூட்டுவது எல்லாம் கூட்டரசின் (மத்திய அரசாங்கத்தின்) பொறுப்புக்குப் போய், அங்கிருந்து ஒப்பந்த நிறுவனங்களிடம் போனது. பேராக், சிலாங்கூர், பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. ஆளெடுப்பு நிறுத்தம் என்று அன்று யாரும் அறிவிக்கவில்லை. இருந்தாலும் எஸ்டேட்டை விட்டு வெளியே வர எங்கள் ஆட்களுக்கு இருந்த ஒரு வழி அதோடு அடைபட்டது. அப்பா 2008லேயே ஓய்வு பெற்றுவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

சத்தமில்லாத நிறுத்தம் இன்னொன்றும் உண்டு. அரசாங்க ஊழியரின் ஓய்வு வயது முதலில் 55. 2001இல் 56 ஆக்கினார்கள், 2008இல் 58, 2012இல் 60. வேலையில் இருப்பவர்களுக்கு நல்லதுதான். வெளியே வரிசையில் நிற்பவனுக்கு? நாற்காலி காலியாவது ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போனது. நான் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு கிராணி (குமாஸ்தா) வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தது 2002 முதல் 2005 வரை. மளிகைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டே காத்திருந்தேன். கடிதம் வரும், "டுக்காச்சித்தா டிமக்லும்கான்" (வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்) என்று தொடங்கும். முதல் வார்த்தைக்கு மேல் படிக்க மாட்டேன். நான்காவது கடிதத்துக்குப் பிறகு பேக்டரி பஸ் ஏறிவிட்டேன்.

சரி, இப்போதைய நிலைமை. நிறுத்தம் என்று பேச்சு வரும்போது பெரும்பாலும் புதிய பதவிகளை உருவாக்குவதைத்தான் குறிக்கிறார்கள். புதிதாக ஒரு பதவி வேண்டுமென்றால் இருக்கிற ஒன்றை விட்டுக்கொடு என்பது பொதுச் சேவைத் துறையின் நெடுநாள் நடைமுறை. ஒருவர் ஓய்வு பெற்றாலோ, வேலையை விட்டாலோ அந்த இடத்துக்கு ஆள் எடுக்க வழி இருக்கிறது. அதனால் கதவு முழுதாக மூடவில்லை, வரிசைதான் மெதுவாக நகர்கிறது. டாக்டர்களையே 2016 கடைசியிலிருந்து ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். நிரந்தரப் பதவி கேட்டு அவர்கள் 2021 ஜூலை 26 அன்று பணியை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அவ்வளவு படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் நம் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சர்டிபிகேட்டை எங்கே வைப்பது?

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். 2024 பிப்ரவரி 1 முதல் புதிதாக அரசாங்க வேலையில் சேர்பவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, இபிஎப் (ஊழியர் சேமநிதி) தான். வேலை நிலைக்கும் என்பது இன்னும் பெரிய விஷயந்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா காலத்து விருந்துக்குக் காரணமாக இருந்ததில் பாதி போய்விட்டது.

அடுத்து, வேலைச் சந்தை. போன வருஷம் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு ஒன்றுக்குப் போனேன். மண்டபம் நிறைய மேசை, மேசைக்கு மேசை சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மைபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கட்டம் போட்ட ஒரு கியூஆர் தாள். முக்கால்வாசி கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைப் பக்கத்துப் பேக்டரிகள். "மாமா, இதையெல்லாம் போன்லேயே பார்த்துட்டேனே" என்றாள். உண்மைதான். இருக்கிற வேலையை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்து காட்டினார்களே தவிர, கவுன்சில் அங்கே புதிதாக எந்த வேலையையும் உண்டாக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே நேர்முகம் வைத்து இரண்டு வாரத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். அதனால் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2025 ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிகளும் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஓவர்டைம் தனி.

கவுன்சிலால் நிஜமாகவே வேலை உண்டாக்க முடிகிற இடம் வேறு. கடை லைசென்ஸ், அங்காடிக் கடை, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஓர் இடம், சின்னச் சின்ன ஒப்பந்தங்கள், இதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. என் அண்ணி மூன்று வருஷம் வீட்டு வாசலில் தோசை விற்றார். கவுன்சில் கடை ஒன்று கிடைத்ததும் இரண்டு பெண்களை உதவிக்கு வைத்துக்கொண்டார். வேலை உருவாக்கம் என்று நான் கண்ணால் பார்த்தது அதைத்தான். கடன் வாங்க, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குனில், இந்தியர்களுக்கான ஸ்புமி திட்டம் இருக்கிறது. 2024இல் அதற்கு 3 கோடி ரிங்கிட் கூடுதலாக ஒதுக்கினார்கள். இந்தியப் பெண்களுக்கென்று, சிறுகடன் தரும் அமானா இக்தியாரின் "பெண்" (PENN) என்ற திட்டத்துக்கு 5 கோடி. ஒன்று மட்டும் கவனம்: முதலில் இடம், பிறகு கடன். இடமில்லாமல் கடனை வாங்கி அடுப்பு, பாத்திரம், ப்ரிட்ஜ் எல்லாம் வீட்டுக்குள் அடுக்கி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஒப்பந்த வேலையையும் யோசியுங்கள். என் நண்பன் ஒருவன் சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) ஜி1 பதிவு எடுத்திருக்கிறான். ஜி1 என்றால் சின்ன வேலைகள் எடுக்கும் குத்தகைக்காரர்களுக்கான கீழ்ப்படி. அரசாங்கத்தின் சின்ன வேலைகளை அந்தந்த மாவட்டத்து ஜி1 குத்தகைக்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் தருவதுண்டு. கால்வாய் பழுது, சுவர் பூச்சு, ஓடு மாற்றுவது என்று வருஷத்துக்குச் சிலது அவனுக்கு விழும். நான்கு பேருக்குக் கூலி கொடுக்கிறான். பணம் வரத் தாமதமாகும், அதுவரை தாங்கக் கையில் காசு வேண்டும்.

யாரிடம் போய்க் கேட்பது என்றால், உங்கள் பகுதிக்கு ஒரு கவுன்சிலர் இருப்பார். ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை. ஊராட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள், 1976 சட்டத்தோடு அது போயே போய்விட்டது. மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்று மிரட்ட நமக்கு வழியில்லை. நேரில் போய், எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மனு போடுவதை விடச் சொல்லவில்லை. பலரும் எஸ்பிஏவில் (பொதுச் சேவை ஆணையம்) பதிந்துவிட்டால் கவுன்சில் வேலைக்கும் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். கூப்பிட மாட்டார்கள். கவுன்சில் தன் ஆட்களைத் தானே எடுக்கிறது, விளம்பரமும் அதன் இணையத்தளத்திலும் அலுவலகப் பலகையிலும்தான் வரும். எஸ்பிஎம் மலாயில் கிரெடிட் இல்லையென்றால் முதலில் அந்தத் தாளை மறுபடி எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அரசாங்கத்தில் குறுகிய கால ஒப்பந்த வேலை கிடைத்தாலும் போய்ச் சேருங்கள், நிரந்தரமாக்குவார்கள் என்று மட்டும் நம்பிக் கார் எடுத்துவிடாதீர்கள்.

தங்கை மகள் இப்போது இரவு ஷிப்டு. ஓய்வு நாளில் கவுன்சில் பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், தேதி முடிந்த விளம்பரத்தையும் படம் பிடித்துக்கொண்டு. எந்தப் பதவிக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று அதில் இருக்கும், அடுத்த தடவை அதையேதான் கேட்பார்கள் என்கிறாள். நீங்களும் இந்த வாரம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.