குளிரான ஊரில் கூலன்ட் எதற்கு? வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய மாருதி ஆல்டோ ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ரேடியேட்டருக்குப் பீலித் தண்ணீர்தான் ஊற்றி வந்திருக்கிறார். மூடியைத் திறந்து பார்த்தால் சாயத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. நானுஓயா ஏற்றத்தில் ரெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிவிடுகிறது. கூலன்டை வீட்டிலேயே மாற்றலாமா? இந்தக் குளிருக்கு அது தேவைதானா?"

மாற்றலாம். ஒரு காலை நேரமும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "இங்கே குளிர்தானே" என்ற எண்ணத்தால்தான் மலையகத்தில் நிறைய ரேடியேட்டர்கள் கெட்டுப்போகின்றன.

கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு கலக்கும், அது உறையாமலும் காக்கும் திரவம். தை, மாசியில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி விழும். ஆனாலும் எஞ்சினுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. நமக்குக் கூலன்ட் தேவைப்படுவது துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும்தான். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சினோ வழக்கமாகவே 90 பாகையை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆக, மூடி அழுத்தம் பிடிக்காத ஒரு ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால், ஏற்றத்தில் அது கொதிக்க இன்னும் மூன்று நான்கு பாகைதான் பாக்கி.

இதனால்தான் கூலன்ட் வாங்கும் அன்றே ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை 20 பாகைக்கு மேல் உயர்த்துகிறது. அதன் ரப்பர் வெடித்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, எவ்வளவு நல்ல கூலன்ட் ஊற்றினாலும் ஏற்றத்தில் பொங்கும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும். அதே எண்ணுள்ள புதியதைப் போடுங்கள். கூடிய எண் நல்லது என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸ்கள் வெடிக்கும்.

பீலித் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலைத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரைப் போல உள்ளே கல் படியாது. ஆனால் அதில் துருத் தடுப்பு மருந்து எதுவும் இல்லை. இரும்பு, அலுமினியம், ஈயப்பற்று எல்லாம் சேர்ந்த எஞ்சினுக்குள் வெறும் தண்ணீர் சுற்றினால் துருப்பிடிக்கத்தான் செய்யும். உங்கள் ரேடியேட்டரில் தெரியும் சிவப்பு அதுதான்.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சின் எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். அப்போது கூலன்டில் கை வைக்க வேண்டாம், கராஜுக்குப் போங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பசை ஒட்டியிருந்தால் உடனே பயப்படத் தேவையில்லை. மூடுபனியும் குளிரும் உள்ள ஊரில் சந்தைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் கார்களில் ஈரம் அப்படிப் படிவதுண்டு.

என்ன கூலன்ட்? கைநூல் சொல்வதை வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள், எல்லாக் கம்பனிகளும் ஒரே வகைக்கு ஒரே நிறம் போடுவதில்லை. பாட்டிலில் உள்ளது தண்ணீர் கலக்காததா, கலந்து வந்ததா என்பதுதான் முக்கியம். உங்கள் வேலைக்குக் கலக்காதது வேண்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன். கலக்கப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். அசிட் பாட்டிலை மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

இரவு முழுக்க நின்று ஆறிய எஞ்சினில் மட்டுமே மூடியைத் திறக்க வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காரைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சில்லுகளுக்குக் கல் வையுங்கள். ஹீட்டர் உள்ள கார் என்றால் அதைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பிவிடுங்கள். ரேடியேட்டரின் அடி ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். பழசானால் அது உடையும், அதனால் பலம் கொடுக்க வேண்டாம். வராவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றி வடியுங்கள். ரிசேர்வ் டாங்கியையும் கழற்றிக் கழுவிவிடுங்கள், சேறு அதிகம் தங்குவது அதில்தான்.

இப்படி வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும். மீதி எஞ்சின் பிளாக்குக்குள்ளே நிற்கும். ஆகவே நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டு, மேல் ஹோஸ் சுடும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தால்தான் உள்ளே நிற்பது வெளியே வரும். நன்றாக ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்ய வேண்டும். உங்கள் காரில் இது ஒரே காலையில் முடியாமல் போகலாம், அவசரப்படாதீர்கள். கடைசித் தடவைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சினைத் தொடங்கிய உடனேயே மேல் ஹோஸ் சிறிது சிறிதாகச் சூடாகத் தொடங்கினால், முன்பு வைத்திருந்தவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கலாம். சூட்டுக்கு அதுதான் வைத்தியம் என்று சிலர் செய்வார்கள். நம் குளிரில் அது தவறு. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெற்றோலும் கூடக் குடிக்கும். புதிதாக ஒன்று போட்டுவிடுங்கள்.

இப்போது பிளாக்குக்குள் வெறும் தண்ணீர் நிற்கிறது அல்லவா? அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த கூலன்டை ஊற்றினால், கடைசியில் உள்ளே இருப்பது கால்வாசி கூலன்ட்தான். கைநூலில் முழுக் கொள்ளளவு எவ்வளவு என்று பாருங்கள். சின்னக் கார்களுக்கு 3 முதல் 4 லீற்றர் வரும். 4 லீற்றர் என்றால், கலக்காத கூலன்ட் 2 லீற்றரை முதலில் ஊற்றிவிட்டு, இடம் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். கணக்குச் சரியாகப் பாதிக்குப் பாதி வந்துவிடும். பாதிக்கு மேல் ஊற்றுவதில் பயனில்லை. கூலன்ட் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும்.

அடுத்தது காற்று எடுப்பது. வீட்டில் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். உள்ளே காற்று தங்கினால் அந்த இடத்துக்குக் கூலன்ட் போகாது, சிலிண்டர் ஹெட் தனியே வேகும். நல்லவேளையாக, நம் ஊரில் சரிவுக்குப் பஞ்சமில்லை. ரேடியேட்டர் வாய்தான் எல்லாவற்றுக்கும் மேலாக இருக்கும்படி, முன்பக்கம் மேடாகிற லேசான சரிவில் காரை நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கப்போவதால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் பின்சில்லுகளுக்குப் பின்னால் பெரிய கற்களை வையுங்கள். காருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. மூடியைத் திறந்தபடி வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள், குமிழ் வரும். துணியால் பிடித்து மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்குங்கள், மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டாம். குமிழ் நின்று, மட்டம் இறங்காமல் நின்றதும் மூடியைப் போடுங்கள். விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை விட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். ரிசேர்வ் டாங்கியில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கட்டும். மறுநாள் காலையில், எஞ்சின் ஆறியபின், இரண்டையும் திறந்து பார்த்தால் கொஞ்சம் குறைந்திருக்கும். அதை நிரப்புங்கள். எத்தனை நாளானாலும் குமிழ் நிற்காவிட்டால் அதுவும் ஹெட் கேஸ்கட்டின் அறிகுறிதான்.

அக்கம்பக்கத்தில் டொயோட்டா அக்குவா, பிரியஸ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். அவற்றில் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ட் சுற்று உண்டு. பெரும்பாலானவற்றில் எஞ்சின் தண்ணீர்ப் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுவதால் காற்று எடுக்கும் முறையே வேறு. ஹைபிரிட் தெரிந்த கராஜில் கொடுப்பதுதான் சரி.

வடித்த கூலன்டைத் தயவுசெய்து காணில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் விஷம், ஆனால் இனிக்கும். நாய் நக்கும், குழந்தை வாயில் வைக்கும். தலவாக்கலையில் உங்கள் வாசல் காண் போய்ச் சேருவது கொத்மலை ஓயாவில். அதற்கு முன்பே கீழ் லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி ஒன்று இருக்கலாம். இறுக மூடும் கேனில் பிடித்து, என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, கழிவு எண்ணெய் சேர்க்கும் சேர்விஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள் தலவாக்கலை, லிந்துலைக்குள் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் நானுஓயா ஏற்றத்துக்குப் போகலாம். அங்கே முள் மறுபடி ஏறினால், ரேடியேட்டர் குழாய்கள் துருவால் அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம், கழற்றிக் காட்ட வேண்டியதுதான். ஏற்றத்தின் நடுவில் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுதாகப் போட்டு, அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். பொனட்டை மட்டும் தூக்கிவிட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். மேல் ஹோஸ் கைக்கு இளஞ்சூடாகும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொட வேண்டாம்.