பிழை விட்ட கை

அன்புள்ள அக்கா,

புறக்கோட்டையில் ஒரு புடைவை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் ஒரு பில்லில் 45,000 என்பதை 54,000 என்று அடித்துவிட்டேன். அடித்த கணமே தெரிந்து திருத்திவிட்டேன். பில் வெளியே போகவில்லை. ஆனாலும் அதன் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை. பதற்றம் உள்ளவர்களின் மூளை பிழைகளுக்குக் கூடுதலாக அதிரும் என்று வாசித்தேன். என் மூளையில் கோளாறா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

"அடித்த கணமே தெரிந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணத்தைத்தான் முப்பது வருடங்களுக்கு மேலாக அளந்து வருகிறார்கள். தலையில் மின்வாய்களைப் பொருத்தி, திரையில் வரும் அம்புகளில் நடு அம்பு எந்தப் பக்கம் என்று பார்த்து சட்டென்று பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பக்கத்து அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். கை பிழை விட்டதும், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போவதற்குள், உச்சந்தலைக்குச் சற்று முன்னால் ஓர் எதிர்மின் அலை பதிவாகும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டது இது. உங்களுக்கும் எழும், எனக்கும் எழும். கோளாறு இல்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்) உள்ளவர்களிடம் அந்த அலை பெரிதாக இருந்தது. பிறகு, ஓயாமல் கவலைப்படுகிறவர்களிடமும் அப்படியே கண்டார்கள். ஆனால் அவர்கள் பொதுவாக மற்றவர்களை விடக் கூடுதலாகப் பிழை விடவில்லை. குறைவாகவும் விடவில்லை. இதை நீங்கள் இரண்டு தரம் வாசிக்க வேண்டும், தம்பி. பயந்துகொண்டே இருப்பதால்தான் என் கணக்கு சரியாக வருகிறது என்று மனம் சொல்லும். எனக்கும் பல வருடம் சொன்னது. அந்த அளவீடுகள் அப்படிச் சொல்லவில்லை.

மனச்சோர்வில் கதை வேறு. அலை சில ஆய்வுகளில் பெரிது, சிலவற்றில் சிறிது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. ஆனால் 1990களில் கேம்பிரிட்ஜில் கண்ட ஒன்று முக்கியம்: மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு விடை பிழை என்று சொன்னால், அடுத்ததும் பிழையாகும் வாய்ப்பு கூடியது. அதனால் ஒன்று கேட்கிறேன். கவலை மட்டும்தானா, அல்லது பிடித்த எதிலும் இப்போது மனம் போகவில்லையா? இரண்டாவது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கேனுக்குக் காசு கொடுக்க வேண்டாம். இவையெல்லாம் பலரை ஒன்றாக வைத்துப் பார்த்த சராசரிகள். ஒருவருடைய அலையை மட்டும் வைத்து எந்த மருத்துவரும் நோய் சொல்ல முடியாது.

கடுமையான கண்டிப்போடு வளர்ந்த பிள்ளைகளிடமும் அலை பெரிதாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சையில் 200க்கு 180 எடுத்த பிள்ளையிடம் "மிச்சம் 20 எங்கே?" என்று கேட்கும் வீடுகள் நமக்குத் தெரியாதவையா? நான் வளர்ந்த வீடும் அப்படித்தான். அப்பாவோடு எனக்குக் கோபமில்லை. அவரிடமும் யாரோ அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

எனக்கு ஆறுதல் தந்த ஆய்வு ஒன்று உண்டு. ஓசிடி உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை கொடுத்தார்கள். நோயின் தொல்லை குறைந்தது. அலை அப்படியே இருந்தது. அலை எழும்போதும் நிம்மதியாக வாழ முடிந்திருக்கிறது.

நித்திரை இல்லாமல் ஒரு மாதம் என்பது நீண்ட காலம். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். அது அங்கொடையில் இருக்கிறது என்பதற்காகத் தயங்க வேண்டாம். அந்த ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கியது நாம்தான். ஹோர்ட்டன் பிளேஸில், மனக்கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கும் தொண்டு அமைப்பான சுமித்ரயோவும் இருக்கிறது, போய்க் கதைக்கலாம்.

அப்புறம், கவலைகளை எழுதிவிட்டுப் பரிசோதனையில் உட்கார்ந்தவர்களிடம் அலை சிறிதானதாகவும் ஒரு ஆய்வு உண்டு. இன்றிரவு அந்த 54,000ஐப் பற்றி, பயம் உட்பட எல்லாவற்றையும், ஒரு கொப்பியில் எழுதுங்கள். எனக்கு அனுப்பினாலும் வாசிப்பேன்.

அன்புடன்,
அக்கா