மெகலோடன் பல்லும் அசிட்டோன் பாட்டிலும்

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். புதைபடிவங்கள் சேர்ப்பது என் பல வருடப் பழக்கம். போன மாதம் ஜோர்ஜ்டவுன் கடைக்காரர் ஒருவரிடம் ஆறு அங்குல மெகலோடன் சுறாப் பல்லை 4,800 வெள்ளிக்கு வாங்கினேன். "நேச்சுரல், ரிப்பேர் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். வீட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் வேரில் பாதி நீலமாக ஒளிர்கிறது. பிசின் வைத்து அடைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். அப்புறம், "பல்லை வைத்துக்கொள்ளுங்கள், 3,000 திருப்பித் தருகிறேன்" என்றார். மறுத்துவிட்டேன். நண்பர் அசிட்டோன் போட்டுப் பிசினைக் கரைத்து நிரூபிக்கலாம் என்கிறார். ஃபேஸ்புக்கிலும் அவர் படத்தைப் போடப்போகிறேன்.

பதில்: கடையில் நடந்த அவமானத்தை விட்டுவிடுங்கள், வழக்குக்கு அது உதவாது. பல்லில் பழுது வேலை நடந்திருப்பதும் தனியாக ஒரு குற்றமில்லை. சுமார் 36 லட்சம் வருடங்களுக்கு முன் அழிந்த சுறாவின் பல், அந்த அளவில் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். ஒட்டிய பற்களை அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். உங்கள் கையில் இருப்பது "ரிப்பேர் இல்லை" என்ற அந்த ஒரு வரிதான். 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விவரித்த மாதிரி பொருள் இருக்க வேண்டும். வெறும் "ஒரிஜினல்" என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு தைரியம் சொல்லமாட்டேன்.

அசிட்டோனைத் தொடவே தொடாதீர்கள். என்னிடம் வழக்குக்கு வந்த, பழைய வெண்கலச் சிலை வாங்கிய கட்சிக்காரர் ஒருவர், போலி என்று காட்ட நகைக்கடையில் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்த்தார். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்விதான்: "சுரண்டியது யார்?" அதற்குமேல் வழக்கு நகரவில்லை. உங்களுக்கும் அதுதான் நடக்கும். பிசின் கரைந்தபின், அது முதலிலேயே இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? பொருளை உங்கள் சொந்தப் பொருளாக நடத்தினாலோ, சும்மா நாள் கடத்தினாலோ, அதே சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி ஏற்றுக்கொண்டதாகிவிடும். அப்புறம் பல்லைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்க முடியாது, நஷ்டஈடு மட்டும்தான்.

ஃபேஸ்புக்கும் வேண்டாம். "ஏமாற்றுக்காரன்" என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும், அது உண்மை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அவருக்குத் தெரிந்தே செய்தார் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? பிசின் வைத்தது அவருக்கு முந்தைய கையாகவும் இருக்கலாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளிவரை கேட்கும், வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் நீங்கள் பற்களை வாங்கி விற்பவர் என்று அவர் காட்டிவிட்டால், பயனீட்டாளர் என்ற தகுதியே ஆட்டம் காணும்.

என்னைக் கேட்டால், அந்த 3,000ஐ வாங்கிக்கொள்ளுங்கள். மன்றத்தில் நஷ்டஈடு என்று வந்தாலும், நல்ல பல்லின் விலைக்கும் ஒட்டிய பல்லின் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கிடைக்கும். இந்தப் பல் ஒட்டியதாகவே 1,800 பெறும் என்றால், அவர் தருவது உங்கள் முழு நஷ்டம். இன்றைக்கே டார்ச் வெளிச்சத்தில், எனாமலுக்குக் கீழே இருக்கும் கரும்பட்டையில் தொடங்கி வேர்வரை படம் எடுங்கள். அப்புறம் அவருக்கு வாட்ஸ்அப்பிலேயே, "3,000க்குச் சம்மதம், ஏழு நாளில் வங்கிக் கணக்கில் போடுங்கள்" என்று எழுதுங்கள். பணம் வரும்வரை பல் பெட்டியிலேயே இருக்கட்டும்.