படத்தில் மின்னும் கல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: விற்பவர் அனுப்பிய படத்தில் நீலக்கல் பளிச்சென்று இருக்கிறது. கைக்கு வந்தபின் மை போலக் கறுத்திருக்குமோ?

பதில்: இருக்கலாம். பின்னாலிருந்து விளக்கடித்துப் படமெடுத்தால் கறுத்த கல்லும் ஒளிரும். மோதிரத்தில் பதித்தபின் அந்த வெளிச்சம் கிடைக்காது. மேலிருந்து நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் (கல்லின் அடிப்பக்கத்தில் சரிவாகத் தீட்டிய முகங்களில்) பட்டுத் திரும்பினால்தான் நிறம் தெரியும். ஆகவே வெளிச்சம் முன்னாலிருந்து விழ, கல்லை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல ஆட்டி எடுத்த வீடியோ கேளுங்கள். நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒன்று, மஞ்சள் பல்பின் கீழ் ஒன்று. வீடியோ வந்ததும் கல்லை விட்டுவிட்டு முதலில் விரலைப் பாருங்கள். தோல் ஆரஞ்சாகவோ நீலம் பாரித்தோ இருந்தால் கல்லின் நிறத்தையும் நம்ப வேண்டாம். (சிவப்புக் கற்களில் கைபேசியே நிறத்தைக் கூட்டிவிடுவதுண்டு, எல்லாப் பழியும் விற்பவர்மேல் அல்ல.)

நடுவில் வெளிறிய திட்டு தெரிந்து, அதன் வழியே விரல் ரேகையோ எழுத்தோ தெரிகிறதா? அடிப்பட்டைகளின் சரிவு போதவில்லை, ஒளி கீழே ஒழுகுகிறது. அடியில் வண்ணத் துணி வைத்தால் இது மறைந்துவிடும். வெள்ளைத் தாளின்மேல் வைத்த படமும் வேண்டும்.

கேள்வி: 8×6 மி.மீ. நீள்வட்ட நீலக்கல், எடை 2.5 காரட் என்கிறார்கள். உயரம் சொல்லவில்லை. நம்பலாமா?

பதில்: நீளம் × அகலம் × உயரம் × ஒப்படர்த்தி × 0.0020 என்று பெருக்கினால் நீள்வட்டக் கல்லின் காரட் தோராயமாக வரும். ஒப்படர்த்தி என்பது கல் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற எண்: நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் 4, மரகதத்துக்கு 2.7. உயரம் 4 மி.மீ. என்றால் சுமார் 1.5 காரட்தான். 2.5 வர 6.5 மி.மீ. வேண்டும், அகலத்தையே மிஞ்சுகிறது! ஒன்று எண் தவறு, இல்லையேல் அடிவயிறு பருத்த கல். மேலிருந்து தெரியாத அந்த வயிற்றுக்கும் காரட் கணக்கில் பணம் போகும். பக்கவாட்டுப் படம் கேளுங்கள்.

கேள்வி: ‘இயற்கை மாணிக்கம்’ என்று எழுதியிருந்தால் போதாதா?

பதில்: போதாது. விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தையும் அப்படி எழுதி விற்பதுண்டு. எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரிக்கும். பத்தர் ஊதும் நெருப்பு பட்டால் கல் பாழ். வெறுமனே சூடேற்றிய கல்லின் நிறம் நிலைக்கும், அது வேறு. சூடேற்றியதா, நிரப்பியதா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆய்வறிக்கை தந்தால் அதன் எண்ணை ஆய்வுக்கூடத்தின் இணையதளத்தில் போட்டு, எடையும் மூன்று அளவுகளும் விற்பவர் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள். வேறு கல்லின் அறிக்கையைச் சேர்த்து அனுப்புவதும் நடக்கிறது.